கொப்பி அக்காவைக் கிளப்ப நான் எழுதிய கடிதம்

யாழ்ப்பாணத்தில் ஒரு மனித உரிமை அலுவலகத்தில் பால்நிலை சமத்துவத்துக்குப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்ட நான், முதல் வேலையாக ஒரு பெண்ணை அவருடைய மேசையிலிருந்து கிளப்பப் பார்த்தேன். வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நியமனம் கிடைத்த விதமும் பெருமைக்குரியதல்ல. ஆளைத் தெரிவுசெய்த கூட்டத்துக்கு நான் ஒருவன்தான் போகவில்லை.

ஆண்களை அலைக்கழிப்பதில் கொப்பி அக்காவுக்கு ஈடான ஆள் இந்தக் குடாநாட்டில் இன்னும் பிறக்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் முறைப்பாடுகளை எழுதி எடுப்பது அவர் வேலை; எதற்கும் கொப்பி, அதாவது நகல், கேட்டே அந்தப் பெயரை வாங்கியவர். கணவனோடோ தமையனோடோ ஒரு பெண் வந்து அமர்ந்தால், அக்கா கண்ணாடியை இறக்கி முதலில் ஆணைத்தான் பார்ப்பார்.

"தம்பி, ஐடென்ரி காட் கொப்பி இருக்கோ?"

"இருக்கு அக்கா."

"இது ஒரு பக்கமெல்லோ. ரெண்டு பக்கமும் வேணும். பக்கத்துக் கடையிலை எடுக்காதேங்கோ, மை மங்கல். சந்திக் கடைக்குப் போங்கோ."

இணுவிலிலிருந்து வந்த ஒரு கணவர் மூன்று தடவை போனார். மூன்றாம் தடவை பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் பின்பக்கத்தைக் கொப்பி எடுத்துவரச் சொன்னார் அக்கா. பின்பக்கத்தில் ஒன்றுமே இல்லை. அந்த நல்ல மனிதர் அந்த ஒன்றுமில்லாததையும் கொப்பி எடுத்துக்கொண்டு வந்தார். அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஓம், இது வடிவா விழுந்திருக்கு" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பொதுமக்களை வீணாக அலையவைக்கும் இவரைப் பழைய கோப்பு அறைக்கு மாற்றவேண்டும் என்று தலைமையகத்துக்கு எழுதினேன். அந்த அறைக்கு யன்னல் கிடையாது. அடுத்த மாதம் பயிற்சி நடத்த வரும் அதிகாரி முடிவெடுப்பார் என்று பதில் வந்தது.

இடையில், கோப்பாயில் இருக்கும் என் தங்கைக்கு ஒரு முறைப்பாடு கொடுக்கவேண்டி வந்தது. அரச அலுவலகமொன்றில் வேலை செய்கிறாள். இடமாற்றம் கேட்டு இரண்டு வருடமாகியும் கிடைக்கவில்லை. லீவு போட்டுவிட்டு நானே கூட்டிப்போனேன். அவள் வாயைத் திறக்க முன்னரே முழுக் கதையையும் சொல்லி முடித்தேன்.

அக்கா கண்ணாடியை இறக்கினார். "கூட வந்தவரின்ரை ஐடென்ரி காட் கொப்பி?"

"அக்கா, நான் இந்தக் கந்தோரிலைதானே வேலை செய்யிறன்."

"அது தெரியும் தம்பி. நான் கொப்பியைத்தான் கேட்டனான்."

சந்திக் கடையில் வேறு ஆளில்லை. இயந்திரமும் சும்மாதான் நின்றது. கடைக்காரர் என் அட்டையை வாங்கி மேசையில் வைத்துவிட்டுப் பத்திரிகையை விரித்தார்.

"ஏன் அண்ணை, மெஷின் பழுதோ?"

"அக்கா அனுப்பின ஆளெல்லோ? இருங்கோ. அரை மணித்தியாலத்துக்கு முந்திக் குடுத்தா அவ என்னைப் பேசுவா."

"ஏன்?"

"பொம்பிளை கதைச்சு முடிக்க வேண்டாமே?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கள் அந்தக் கந்தோர் ஆள்தானே. உங்களுக்குத் தெரியாதே?"

தெரியாது. பால்நிலை சமத்துவப் பொறுப்பாளர் கடை வாசல் வாங்கில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வந்தபோது தங்கையின் முறைப்பாடு நாலு பக்கமாகியிருந்தது. மேலதிகாரி வேலை முடிந்த பிறகும் அவளைத் தனியே மறித்துவைப்பதும், அவள் அதை எதிர்த்ததால் இடமாற்றம் நின்றுபோனதும் அதில் இருந்தன. அழுத முகம்தான். ஆனால் நிமிர்ந்து இருந்தாள்.

"இதை ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"நீங்கள் எங்கை அண்ணை கதைக்க விட்டனீங்கள்?"

என் கடிதத்தைத் திரும்பப் பெற அன்றே தலைமையகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். கடிதம் பயிற்சி அதிகாரியின் கைக்குப் போய்விட்டது என்றார்கள். அடுத்த மூன்று வாரமும் அந்த யன்னலில்லாத அறை என் கண்ணுக்கு முன்னால் நின்றது. அதிகாரி அம்மா வந்திறங்கியதும், அவர் கைப்பையை வைக்க முன்னரே நான் உண்மையைக் கொட்டினேன்.

"முதல்லை பாப்பம்" என்றார். முறைப்பாட்டுக்காரர் அமரும் வாங்கில் காலை முழுக்க இருந்து, இரண்டு கணவர்களும் ஒரு மாமனாரும் சந்திக்குப் போய் வந்ததைப் பார்த்தார். பின்னேரம் முடிவைச் சொன்னார். அக்காவை அந்த வேலையிலிருந்து மாற்றத் தேவையில்லை. இனிப் பெண்கள் தனியறையில், தனியாகவே முறைப்பாடு சொல்லலாம். அதை எப்படிச் செய்வதென்று மற்ற அலுவலகத்தாருக்கும் அக்காவே பழக்குவார். மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது. தங்கையின் மேலதிகாரி மீது விசாரணை தொடங்கியதும், அவளுக்கு இடமாற்றம் கிடைத்ததும் பிறகு வந்த நல்ல செய்திகள்.

மறுநாள் பயிற்சியில் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். என் கடிதம், பெயர் அழிக்கப்பட்டு. எழுதியவர் எதையெல்லாம் கவனிக்கத் தவறினார் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆகக் கூடுதலான பிழைகளைக் கண்டுபிடித்தவன் நான்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்திப் போன எனக்காக, கொப்பி அக்கா தனக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் பிடித்து வைத்திருந்தார். அவரில்லாத அந்த அலுவலகத்தை என்னால் இப்போது நினைத்துப் பார்க்க முடியாது.

"அதை ஆர் எழுதினதெண்டு தெரியுமோ அக்கா?" என்று மெல்லக் கேட்டேன்.

அக்கா அப்பளத்தை உடைத்தார். "பேரை அழிச்சு என்ன தம்பி? ஒரு வசனம் முக்கால் பக்கத்துக்கு ஓடுது. எங்கடை கந்தோரிலை உங்களை விட்டா வேறை ஆர்?"