கீறல் விழாத கார்

எங்கள் தெருத் தையல்காரர் புதுக் கார் வாங்கியதன் நோக்கம் உன்னதமானது. மனைவிக்கு நிறைமாதம். வலி எடுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மூத்தவள் பிறந்தபோது வண்டி கிடைக்காமல் பட்ட பாட்டை அவர் இன்னும் மறக்கவில்லை.

மேற்படி காருக்குக் காப்பீடு எடுக்க அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார்.

"நீங்க யாரையாவது இடிச்சா அவங்களுக்கு மட்டும் பணம் போனா போதுமா? இல்ல, உங்க காருக்கும் சேர்த்து வேணுமா?"

"என் காருக்கும் சேர்த்துத்தான் சார்."

"அப்போ முழுக் காப்பீடு. அதுக்கு மேல எஞ்சினுக்குத் தனி, டயருக்குத் தனி."

"எல்லாத்தையும் போடுங்க. எதுக்கு வம்பு?"

இப்படிப்பட்ட குடிமகனைப் பார்த்து வெகுநாளாகியிருக்க வேண்டும். அதிகாரி முகம் மலர்ந்துவிட்டது.

"எஞ்சினுக்குள்ள தண்ணி புகுந்திருந்தா மட்டும் ஸ்டார்ட் பண்ணிடாதீங்க. பண்ணினா பணம் கிடையாது."

"புகுந்திருக்குன்னு எப்படித் தெரியும்?"

"ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தாத்தான் தெரியும்."

தையல்காரர் தலையாட்டினார். "டயரு?"

"வெடிச்சா உண்டு. தேஞ்சுபோய் வெடிச்சா இல்ல."

"ஓட்டினா தேயுமே சார்?"

"அதை நீங்கதான் பார்த்துக்கணும். கம்பெனி என்ன பண்ணும்?"

"திருடு போனா?"

"தாராளமா தருவோம். ரெண்டு சாவியையும் கொண்டுவந்து காட்டணும், அவ்வளவுதான். ஒண்ணு குறைஞ்சாலும் நீங்களே சாவியை வண்டியில விட்டுட்டீங்கன்னு எழுதிடுவோம்."

"நான் ஓட்டிட்டிருக்கும்போது ஒருத்தன் என்னை இறக்கிவிட்டுட்டு வண்டியோட போயிட்டா?"

"சாவியும் போயிடுமே! அதனால சாவியை மட்டும் வண்டிப் பக்கம் கொண்டுபோகாதீங்க."

துணியை வெட்டுமுன் இரண்டு தடவை அளந்து பார்க்கிற மனிதர் அவர். நேராக வங்கிக்குப் போய் இரண்டு சாவியையும் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார். காருக்குத் தன் கையாலேயே லைனிங் வைத்து ஓர் உறை தைத்துப் போட்டார். எங்களில் பலருக்கு அப்படி ஒரு கோட்டுகூடக் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வலி எடுத்தது.

"சாவி எங்கங்க?" என்றாள் மனைவி, சுவரைப் பிடித்துக்கொண்டு.

"பேங்க்ல பத்திரமா இருக்கு. நீ கவலைப்படாதே."

"என்னையும் அங்கேயே வச்சுப் பூட்டியிருக்கலாமே!" என்று அவள் போட்ட கூச்சலில் தெருவே வெளியே வந்துவிட்டது. ஆளுக்கொரு பக்கம் ஓடி, முனையில் நின்ற டாக்சியைக் கூட்டிவந்தோம். பம்பரைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அவளை ஏற்றும்போதே தையல்காரர் டிரைவரிடம், "அண்ணே, இதுக்கு என்ன இன்சூரன்ஸ்?" என்றார்.

"இடிச்சா அடுத்தவனுக்குப் பணம் போகும், எனக்கு ஒண்ணும் கிடைக்காது. அதனாலதான் பார்த்து ஓட்டுறேன். நீங்க முதல்ல கதவைச் சாத்துங்க!"

ஆஸ்பத்திரி வாசலிலேயே, டாக்சியின் பின்சீட்டில், பையன் பிறந்தான். தாயும் சேயும் நலம். காரும் நலம்.

வருடக் கடைசியில் காப்பீட்டு நிறுவனம் விழா எடுத்து, ஒரு பைசா இழப்பீடு கோராத முன்மாதிரி வாகன உரிமையாளர் என்று தையல்காரருக்குச் சால்வை போர்த்திக் கேடயம் கொடுத்தது. படம் பத்திரிகையில் வந்தது. அதுவரை அவரைக் கேலி செய்துகொண்டிருந்த எங்களுக்கு வயிறு எரிந்தது. மறுவாரமே தெருவில் கார் வைத்திருந்த அத்தனை பேரும் வரிசையில் நின்று அதே காப்பீட்டை எடுத்தோம். வங்கியில் பெட்டகம் பற்றாமல் சிபாரிசு பிடிக்க வேண்டியதாயிற்று.

போன மாதம் டாக்சிக்காரரும் ஓட்டை வண்டியைத் தள்ளிவிட்டுப் புது வண்டி வாங்கினார். எந்தக் காப்பீடு நல்லது என்று எங்களைத்தான் கேட்டார். எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். அவரும் சொன்னதைக் கேட்கிற மனிதர்.

இன்று எங்கள் தெருவில் எந்த வண்டியிலும் ஒரு கீறல் கிடையாது. நேற்று எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வலி எடுத்தபோது, அத்தனை கார்களுக்கும் நடுவே, அவளைத் தையல்காரரின் துணி ஏற்றும் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். உறைகளில் இடித்துவிடாமல் பார்த்துத் தள்ளும்படி எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.