விசில் என் கையில் இருந்தவரை

இந்த வருஷம் பட்டர்மில்க் ஓடைத் திடலில் நான்தான் ராஜா என்று முடிவு செய்தேன். முடிவு செய்தது வண்டி ஓட்டும்போது. பக்கத்தில் என் மனைவி ஒபல் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் விழித்திருக்கும்போது நான் முடிவு எதுவும் செய்வதில்லை.

எங்கள் கென்டக்கிப் பக்கத்தில் கோடை வந்தால் பாஞ்சோவும் பிடிலும் கேட்க ஊரே கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும். மற்றவர்களுக்கு அது இசை விழா. எனக்கு அது ஒபல் நடத்தும் பள்ளிக்கூடம். கயிற்றில் யாரும் தடுக்கி விழக் கூடாது, சிவப்புத் துணி கட்டு. வாளியில் தண்ணீர் இல்லாமல் தீக்குச்சி உரசக் கூடாது. தின்பண்டம் உள்ளே வைக்கக் கூடாது, மோப்பம் பிடித்துத் திருட்டுப் பிராணி ரக்கூன் வரும். கூடாரம் என்ற சொல்லில் பாதி 'கூடா'. மீதி 'ரம்'. அதுவும் கூடாது என்றுவிட்டாள் ஒபல்.

ஒபலுக்கும் மேலே ஓர் அதிகாரம் வேண்டும். நுழைவாயிலில் விழாக்காரி ரோண்டா, கூடாரப் பக்கம் காவலுக்குத் தொண்டர் தேவை என்று கத்திக்கொண்டிருந்தாள். பாய்ந்துபோய்க் கை தூக்கினேன். மேலே மாட்டிக்கொள்ள மஞ்சள் சட்டை தந்தாள். விசில் தந்தாள். அன்றைக்கு நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"இந்த மஞ்சள் உனக்கு எடுப்பா இருக்கு வெர்லின்" என்றாள் ஒபல்.

"வெர்லின் இல்ல. காவலர். உங்க கூடாரம் பாதையை ஒட்டி இருக்கும்மா. தள்ளிப் போடணும்."

"சரிங்க ஐயா."

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் வாயில் நான் கேட்ட முதல் 'ங்க'. முதுகுத்தண்டு சிலிர்த்தது. பெருமை என்று நினைத்துக்கொண்டேன்.

"தள்ளிடறேங்க. ஆனா ஆம்புலன்ஸ் வர்ற வழியை மறிச்சுக்கிட்டு ஒரு நீல வண்டி நிக்குதே. அதை யாருங்க எடுக்கிறது?"

"எந்த நீல... ஏய், அது நம்ம வண்டி!"

"யார் வண்டியா இருந்தா என்னங்க? காவலரே இப்படிச் சொன்னா மத்தவங்க எப்படிங்க கேப்பாங்க?"

ஓடைக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு வெயிலில் நடந்து வந்தேன். கூடாரம் இம்மியும் நகரவில்லை.

"இன்னும் தள்ளலையா?"

"தனியா முடியலைங்க. முடியாதவங்களுக்குக் காவலர் ஒத்தாசை பண்ணுவாராமே?"

முளைகளை நானே பிடுங்கினேன். நானே அடித்தேன். சிவப்புத் துணியும் நானே கட்டினேன். அவள் நாற்காலி போட்டு எலுமிச்சை ஜூஸ் குடித்தாள்.

அதற்குப் பிறகு யார் எது கேட்டாலும் அவள் விரல் என் பக்கம்தான் நீண்டது. "அதோ, மஞ்சள் சட்டை போட்டிருக்காரே, ரொம்ப நல்லவரு. அவர்கிட்ட கேளுங்க." கழிப்பறையில் காகிதம் இல்லை, என்னிடம் வந்தார்கள். பந்தல் காற்றில் பறந்தது, நான் ஓடினேன். புல்லில் உடைந்த பாட்டில், நான் பொறுக்கினேன். பாட்டுச் சத்தத்தில் குழந்தை அழுகிறது, காதில் வைக்கப் பஞ்சு கொண்டுபோனேன். தொண்டனாகப் போனவனுக்குத் தொண்டை போனதுதான் மிச்சம்.

பொறுத்துக்கொண்டேன். ஏனென்றால் கடைசி நாள் மத்தியானம் எம்மெட் புர்டின் வாசிக்கிறார். அவர் பிடிலுக்காகத்தான் நான் வந்ததே. வயதாகிவிட்டது, இனிமேல் ஊர் ஊராக வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இதை விட்டால் அவ்வளவுதான்.

மஞ்சள் சட்டையைக் கழற்றிச் சுருட்டி இடுப்பில் செருகினேன். மேடைக்கு முன்னால் நாற்காலி போட்டு, தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டேன். தூறல் ஆரம்பித்தது. எம்மெட் பிடிலைத் தோளில் வைத்தார். வில்லைத் தூக்கினார்.

"வெர்லின்!"

"நான் இங்க இல்ல."

"பக்கத்துக் கூடாரத்துப் பர்விஸ், மழைன்னு கரி அடுப்பை உள்ள தூக்கிட்டுப் போயிட்டான்."

"வேற காவலரைக் கூப்பிடு ஒபல். கை எடுத்துக் கும்பிடறேன்."

"ஜிப்பையும் இழுத்து மூடிட்டான். கூப்பிட்டுப் பாத்தேன். பதிலே இல்ல."

இந்தத் தடவை அவள் பேச்சில் 'ங்க' இல்லை. எழுந்து ஓடினேன்.

ஜிப்பைக் கிழிக்காத குறையாகத் திறந்தேன். பர்விஸ் உட்கார்ந்தபடி சாய்ந்திருந்தான். முகம் செக்கச் சிவந்திருந்தது. கையில் இறைச்சி திருப்பும் இடுக்கி.

"சாசேஜ் வேணுமா?" என்றான் குழறலாக. "தலைதான் கொஞ்சம் சுத்துது."

"வெளியே வாடா!"

"மழை பெய்யுதே."

ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தோம். மழையில் அவனைக் கிடத்தினோம். நான் விசிலை ஊதினேன், அந்த மூன்று நாளில் முதல்முறையாக உருப்படியான காரியத்துக்கு. முதலுதவிக்காரர்கள் வந்து மூக்கில் பிராணவாயு வைத்தார்கள். மூடின இடத்தில் கரி எரிந்தால் வாசனையே இல்லாமல் ஒரு விஷவாயு வருமாம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆள் இல்லை என்றார்கள். ஒபல் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பர்விஸ் கண்ணைத் திறந்து, "சாசேஜை யாரு எடுத்தது?" என்று கேட்ட பிறகுதான் விட்டாள்.

மேடைக்குத் திரும்பினோம். காலி. என் நாற்காலியில் மட்டும் மழைத் தண்ணீர் உட்கார்ந்திருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நேராக ரோண்டாவிடம் போனேன். ஒபல் பின்னாலேயே வந்தாள்.

"இந்தா சட்டை. இந்தா விசில். ஆளை விடு."

"ஐயோ, ராத்திரிக் காவலுக்கு யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்" என்றாள் ஒபல். என் கை விடுவதற்குள் அவள் கை வாங்கிக்கொண்டது. சட்டை அவளுக்கென்றே தைத்ததுபோல் இருந்தது.

"நல்லதாப் போச்சு" என்றாள் ரோண்டா. "மேடைக்குப் பின்னால சாப்பாடு. வந்துடு. காவலருங்களுக்கு நன்றி சொல்லி எம்மெட் தனியா வாசிக்கிறாரு."

"என்னது! நானும்..."

"சட்டை போட்டவங்களுக்கு மட்டும்தான் வெர்லின்."

ஒபல் பக்கம் திரும்பினேன். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நேத்தே ரோண்டா சொன்னா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் பின்னாலேயே வந்தேன். நீ கழட்டிக் கொடுக்கிற அவசரத்துல இருந்த."

பொழுது சாய்ந்தது. மேடைக்குப் பின்னால் கித்தான் மறைப்பு. உள்ளே வறுத்த கோழி வாசனை, சிரிப்பு, பிடிலுக்குச் சுருதி கூட்டும் சத்தம். வெளியே நான். காதைக் கித்தானில் ஒட்டிவைத்துக்கொண்டேன். எம்மெட்டின் கரகரத்த குரல் கேட்டது.

"இந்தப் பாட்டு வெளியில நிக்கிற வெர்லினுக்கு. அவரோட மனைவி கேட்டுக்கிட்டாங்க. கூடவே ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. கித்தான்ல சாயக் கூடாதாம்."