வீரமுத்துவின் அடக்கத்துக்கு நான் வராத காரணம்

தம்போய்,
யுவ வருஷம் புரட்டாசி 20, ஞாயிறு (1935).

தங்கை கருப்பாயிக்கு அண்ணன் சதாசிவம் எழுதிக்கொண்டது. உன் பெயருக்கு முன்னால் கோடு போட்டு அடித்திருக்கும் சொல் 'சௌபாக்கியவதி'. கைப்பழக்கத்தில் எழுதிவிட்டேன், மனம் வருந்தாதே. அவ்விடம் உன் தம்பி, தம்பி மனைவி, பிறந்திருக்கும் குழந்தை யாவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க முருகப்பெருமான் துணை. இவ்விடம் நாங்கள் சுகம் என்று அடுத்த வரி எழுத வேண்டும். ஊருக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுக்கிறவன், அந்த ஒரு வரி வராமல் இரண்டு முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

உலு திராமுக்கு உன் புருஷன் வீரமுத்துவின் கருமாதிக்கு வந்து திரும்பிய முடிவெட்டும் வேலு, நீ கேட்டதைச் சொன்னான். "இருவது வருசமா ஒண்ணாத் திரிஞ்சவரு. அடக்கத்துக்கு எல்லாரும் வந்தாங்க, சதாசிவண்ணன் மட்டும் ஏன் வரல?" என்று கேட்டாயாம். நீ தம்பி மனைவியின் பிரசவத்துக்கென்று ஆனியிலேயே உலு திராம் போய்விட்டதால், இங்கே நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலுவின் கடையில் நான் சிங்கப்பூர்ப் பத்திரிகையை உரக்கப் படிப்பதும், வீரமுத்து நாற்காலியில் சாய்ந்து சவரம் செய்துகொண்டே கேட்பதும் நீ அறிந்ததுதான். ஆனி மாதக் கடைசியில் ஒருநாள், அமெரிக்க தேசத்துத் தலைவர் தம் சபைக்குச் சொன்னதாக ஒரு செய்தி வந்திருந்தது. அளவுக்கு மீறிச் செல்வம் சேர்த்திருப்பவர்கள் இன்னும் அதிகமாக வரி கட்ட வேண்டும், தகப்பன் விட்டுப்போகும் பெருஞ்சொத்துக்கும் வரி உண்டு என்று. அப்பன் விட்டுப்போன கத்திக்கும் உண்டா என்று வேலு கேட்டான். நான் படித்ததோடு நிறுத்தியிருக்கலாம். ரப்பர் விலை விழுந்த வருஷம், இருபத்திரண்டு வருஷம் தோட்டத்தில் கணக்கெழுதிக் கிராணி வேலை பார்த்த என்னை ஒரே காகிதத்தில் வீட்டுக்கு அனுப்பினார்களே, அது நெஞ்சில் கிடந்ததால், மனிதர் நன்றாகச் சொன்னார், எல்லா முதலாளிமார்க்கும் போட வேண்டும் என்று சேர்த்துச் சொன்னேன். வீரமுத்து கண்ணைத் திறந்தான்.

"வரி போட்டா எங்க மொதலாளி மொதல்ல காரைத்தான் விப்பாரு. அப்பறம் நான் எதை ஓட்டுறது?"

வரி அமெரிக்காக்காரனுக்கு, உன் அன்னாசி ஆலை முதலாளிக்கு அல்ல என்றேன். இன்றைக்கு அங்கே, நாளைக்கு இங்கே என்றான். பேச்சு வளர்ந்தது. பணக்காரன் காரில் முன்சீட்டில் உட்கார்ந்தால் நீயும் பணக்காரனாகிவிடுவாயோ என்று, கடையில் ஒன்பது பேர் கேட்க, நான் சொல்லிவிட்டேன். ஒரு கன்னம் மழித்தும் மறு கன்னத்தில் சோப்பு நுரையுமாக எழுந்து போனவன், அந்த அரைச் சவரத்தோடேயே மத்தியானம் முதலாளியைப் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குக் கொண்டு போனான். அங்கே முதலாளி அவனை ஒரு பக்கமாகப் பார்த்துவிட்டு, மறுபக்கம் வந்தபோது வேறு டிரைவர் என்று நினைத்துவிட்டாராம். இதைக் கேட்டு நான் சிரித்தேன் கருப்பாயி. வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அதற்கப்புறம் தம்போயில் கட்சி கட்டிவிட்டார்கள். எங்களுக்கு வரிக்காரர்கள் என்று பெயர். அவர்கள் முதலாளிக் கட்சி. அதற்குத் தலைவன் லெட்சுமணன், வீரமுத்து வேலை பார்த்த அதே பங்களாவின் தோட்டக்காரன். இரண்டு கட்சியையும் கூட்டிப் பார்த்தாலும் சொந்தமாகக் குடை வைத்திருந்தவன் நான் ஒருவன்தான், ஆகையால் முதல் வரி சதாசிவத்தின் குடைக்கு என்று லெட்சுமணன் கடைத்தெருவில் பேசினான். ஆடி வெள்ளிக்கு அம்மன் கோவிலில் இரண்டு கட்சியும் தனித்தனியே கூழ் காய்ச்சியதில் எங்கள் கூழ் அடிப்பிடித்து, முதலாளிக் கட்சிக் கூழ் மாவு போதாமல் கஞ்சித் தண்ணீராகி, எவர் மனமும் நோகக்கூடாதென்று இரண்டையும் மாறி மாறிக் குடித்த பூசாரி இரண்டு நாள் கோவில் கதவு திறக்கவில்லை, அம்மனும் அந்த இரண்டு நாள் விளக்கில்லாமல் இருந்தாள். வீரமுத்து சவரத்துக்கு நான்கு கல் தள்ளி டவுனுக்குப் போக ஆரம்பித்தான். நான் ஞாயிறுதோறும் படித்தேன். கடை நிறைய ஆள் இருந்தது. ஆனால் படித்து முடித்ததும், அப்புறம் என்று கேட்க ஆள் இல்லை. மற்றவர்களுக்கெல்லாம் ஒரு தடவை படித்தால் போதும்.

இப்போது வேலு சொல்லித்தான் ஒன்று தெரிந்துகொண்டேன். வியாபாரம் இப்படிப் படுத்துக் கிடக்கையில் காரை இனிமேல் வைத்திருக்க முடியாது, வேறு இடம் பார்த்துக்கொள் என்று முதலாளி சித்திரையிலேயே வீரமுத்துவிடம் சொல்லியிருக்கிறார். உனக்குக்கூட அவன் சொல்லவில்லை என்று வேலு சொன்னான். வேலை போய் ஊருக்குக் கப்பலேற்றப்பட்டவர்களை நாம் எத்தனை பேரைப் பார்த்தோம். அந்தப் பயத்தோடு நாற்காலியில் சாய்ந்து கிடந்தவனிடம்தான் நான் முன்சீட்டைப் பற்றிப் பேசினேன். அடக்கத்துக்கு முதலாளி மாலை அனுப்பினார். மூன்றாம் நாள் வேறு டிரைவர் வந்துவிட்டான், கார் இன்னும் ஓடுகிறது.

இனி அடக்கத்துக்கு வராத காரணம். காய்ச்சல் என்று கேள்விப்பட்டு மூன்றாம் நாளே போய்விடுவான் என்று யார் நினைத்தார்கள். செய்தி வந்த காலை, இருக்கிற ஒரு வெள்ளை வேட்டியையும் உன் அண்ணி செல்லம் துவைத்துப் போட்டிருந்தாள், மழையில் அது காய்வதாக இல்லை, பக்கத்து வீட்டு அர்ச்சுனனிடம் இரவல் வாங்கினால் அவன் குள்ளன், அது என் முழங்காலுக்கு வந்தது, அதோடு கிளம்பினால் குடையைப் போன வாரம் யாரோ கொண்டு போயிருந்தார்கள், கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தால் சீனர் மளிகைக் கடை முன்னால் கால் வழுக்கிச் சாக்கடையில் விழுந்தேன், கடைக்காரர் தூக்கி உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார், வேண்டாம் என்றால் அவருக்குப் புரியவில்லை, குடித்து முடித்து எழுந்தபோது கணுக்கால் வீங்கிவிட்டது, பாடை தாண்டிப் போய்விட்டது. இவ்வளவுதான். விரோதத்தால் வராமல் இருந்தேன் என்று யார் சொன்னாலும் நம்பாதே. கால் இப்போது தேவலை.

செல்லம் உன்னை மிகவும் விசாரிக்கிறாள். தம்பி வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும், இங்கே முன்னறை காலியாகத்தான் இருக்கிறது, தையல் வேலை இருவருக்கும் உண்டு, அண்ணன் வீடு என்று நினைத்து வந்துவிடச் சொல் என்கிறாள். நானும் அதையே சொல்கிறேன். அம்மன் உன்னைத் தன் மடியில் வைத்துக் காக்கட்டும். குழந்தைக்கு என் முத்தம். பெரியவர்களுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
சதாசிவம்.

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுப் பிரித்திருக்கிறேன். வேட்டி, சாக்கடை, தேத்தண்ணி எல்லாம் பொய். நான் வந்தேன். இடுகாட்டுக்கு மேற்கே ரப்பர்ப் பால்மரங்களுக்குள் நின்றிருந்தேன். முதலாளிக் கட்சிக்காரர்கள்தான் பாடை தூக்கினார்கள், என்னைக் கண்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், உன் முன்னால் சண்டை வரும் என்று பயந்தேன். எல்லோரும் போனபின் கிட்டே போனேன். லெட்சுமணன் மட்டும் போகாமல் குழிமேட்டில் உட்கார்ந்திருந்தான். எழுந்து சட்டையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல், "நீங்க கோச்சுக்கக் கூடாதுண்ணே. அக்கா வந்து சேர்றதுக்கு முந்துன சாயங்காலம் பூரா வீரமுத்தண்ணன் உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாரு. கட்சி மானம் போயிரும்னு நாங்கதான் ஆள் அனுப்பல" என்றான். வந்தேன் என்று எழுதினால் இதையும் எழுத வேண்டும், இது உனக்குத் தெரிந்தால் அவனை ஜன்மத்துக்கும் மன்னிக்கமாட்டாய் என்றுதான் நான் வரவே இல்லை என்று எழுதினேன். அவன் மேல் கோபம் வேண்டாம். சேறு என்றும் பாராமல் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். "எந்திரிப்பா. அவன் எடத்துல நான் கெடந்திருந்தா எங்க ஆளுங்களும் அனுப்பியிருக்க மாட்டாங்க" என்றேன்.