பருத்தித்துறைச் சீலா வதம்

வெண்ணுரை முடிசூடிய வடகடலே வாழி! ஈட்டிமுகமும் வாட்பல்லும் படைத்து உன் வயிற்றில் உலவும் சீலாமீன் குலமே வாழி! குருநகர் தந்த கோமகனும், ஒரு கையில் தூண்டில்தடியும் மறுகையில் இறால் பையும் ஏந்தியவனும், பொன்போல் மின்னும் வழுக்கைத் தலையனுமாகிய லியோன் என்னும் மாவீரனே, நீயும் வாழி! நின் புகழ் பாட வந்த நான், அதற்கு முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. நின் முதல் வெற்றியைக் கடலுக்கே திருப்பி அனுப்பியவன் நானே.

பங்குனி வெள்ளிக்கிழமை ஒன்றில், பருத்தித்துறை இறங்குதுறையின் கற்கட்டில் அது நடந்தது. லியோன் வீசிய முதல் வீச்சிலேயே ஒரு சீலா அகப்பட்டது. அதன் செவுளில் விரல் கொடுத்து அவன் தூக்கி நின்ற கோலம் எவருக்கும் போதுமானது. கைபேசி பிடித்திருந்த எனக்குத்தான் போதவில்லை. "மீன்ரை வயித்துக்குக் கீழை ரெண்டு கையையும் வை. யாகோப்பு அண்ணை படத்திலை நிக்கிற மாதிரி நில்," என்று ஆணையிட்டேன். வீரன் பணிந்தான். செவுள் விடுபட்ட கணமே அம்மீன் வில்லென வளைந்து, வாலால் அவன் வலக்கன்னத்தில் ஓங்கி அறைந்து, நாண் விட்ட அம்பாய்க் கடல் புகுந்தது. என் படத்தில் விழுந்தவை லியோனின் திறந்த வாயும் கொஞ்ச வானமும்.

"ஹமீத், உனக்கு நோன்பு," என்றான் அவன், கன்னத்தைத் தடவியபடி. "எனக்கும் தபசுகாலத்து ஒருசந்தி. அதாலை நான் ஒண்டும் கதைக்கேல்லை."

இனிப் போரின் காரணம் கேளீர். லியோனின் தமையன் யாகோப்பு, கடலோடிக் குலத்தில் பிறந்தும் வள்ளத்தில் கால் வைத்தாலே சத்தியெடுத்தவர். முப்பது வருடத்துக்கு முன் விமானமேறிச் சுவீடன் போய்ச் சேர்ந்தவர். அந்நாட்டில் பனியுருகி வசந்தம் எட்டிப் பார்க்கும் ஒவ்வோர் ஆண்டும், யெட்டா என்று அவர்கள் சொல்லும் நீள்மூக்குக் குளத்து மீன் ஒன்றைப் பிடித்து, ஏந்தி, முத்தமிட்டு, படமெடுத்துக் குடும்பக் குழுமத்தில் போட்டுவிட்டு, மீனைத் திரும்பவும் குளத்தில் விட்டுவிடுவார். பிடித்ததை விடுவதா? குருநகரில் எவரும் கேள்விப்படாத கூத்து இது. புத்தளத்திலிருந்து நான் ஊர் திரும்பிய வருடமே லியோன் என்னையும் அந்தக் குழுமத்தில் சேர்த்திருந்தான். "ஏன் அண்ணை விடுறியள்?" என்று ஆண்டுதோறும் கேட்பேன். ஒரு வருடம் பெருவிரல் படம் வந்தது. மறு வருடம் மீனின் நிறை வந்தது. அதற்கடுத்த வருடம், "இஞ்சை அதுதான் முறை, தம்பி," என்று வந்தது. விடை மட்டும் வரவில்லை.

சென்ற வருடத்து யெட்டாவின் நீளம் நூற்றொரு சென்ரிமீற்றர். படத்தைப் பார்த்த லியோனின் மனைவி மார்கிரட், வெங்காயம் உரித்தவாறே, "யாகோப்பு அண்ணைக்கு நல்ல கைராசி," என்றாள். அவ்வளவுதான். லியோனுடைய வீட்டின் கூரைத் தகடு தமையன் அனுப்பியது. குளிர்சாதனப் பெட்டி தமையன் அனுப்பியது. சுவர் மணிக்கூடு, மகளின் கண்ணாடி, ஏன், இந்தத் தூண்டில்தடியும் தமையன் அனுப்பியது. இத்தனைக்கும் நடுவே, கடலாவது தன்னுடையது என்று மார்தட்டியிருந்தவனின் மானத்தில் அந்தக் கைராசி சுறாமுள்ளாய்த் தைத்தது. அடுத்த உயிர்த்த ஞாயிற்றுக்கு முன் நூற்றொன்றைத் தாண்டிய சீலா ஒன்றை வீழ்த்தித் தமையன் முகத்துக்கு நேரே காட்டுவேன் எனச் சபதம் செய்தான்.

ஆகவே நின்றான். வெயில் உச்சந்தலையில் உலை வைத்தது. வயிறுகள் இரண்டும் முரசறைந்தன. பக்கத்தில் மீன் கூறு போட்டு விற்ற இராசாத்தி நெடுநேரம் எங்களை அளந்து பார்த்துவிட்டு, "குருநகராரோ? வலையெல்லாம் வித்துப்போட்டுத் தும்புத்தடியோடை கடல் கூட்ட வந்திருக்கிறியள்," என்றாள். வீரனின் விழிகள் நீர்மேல் இருந்தன.

நாலு மணிக்கு அது வந்தது. தடி வளைந்தது, சுருளி அலறியது, கடல் பிளந்து, வெள்ளிக் கேடயம் பூண்ட பகைவேந்தன் ஒரு முழ உயரம் எழும்பி வீழ்ந்தான். அவன் இழுக்க இவன் தளர்த்த, இவன் இழுக்க அவன் ஆழம் தேட, இரு பெருங்களிறுகள் ஒரே சங்கிலியில் பிணைக்கப்பட்டாற்போல் அப்போர் கற்கட்டின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாய் அலைந்தது. அந்நேரம் பார்த்து என் கையில் இருந்த லியோனின் கைபேசி ஒலித்தது. காணொளித் திரையில் யாகோப்பு. போரை அவருக்குக் காட்டினேன்.

"விட்டுப் பிடி, தம்பி, விட்டுப் பிடி," என்று சுவீடனிலிருந்து கட்டளை பிறந்தது.

"அவர் சொல்லுறதைக் கேளாதையுங்கோ, அறுந்துபோம். கரைப் பக்கம் நடவுங்கோ," என்று இராசாத்தியிடமிருந்து மறுகட்டளை பிறந்தது.

லியோன் இருவரையும் கேளாது, இருபது நிமிடம் போராடி, பகைவனைக் கல்லில் ஏற்றினான். இம்முறை நான் வாய் திறக்கவில்லை. இராசாத்தி வாலைப் பிடிக்க, அளவுநாடாவை நான் விரித்தேன். நூற்றெட்டு.

"அண்ணை, வடிவாப் பாருங்கோ," என்று திரை முன் மீனைத் தூக்கினான் லியோன். முப்பது வருடம் காத்திருந்த குரல் அது. "நூற்றெட்டு."

"வெண்டிட்டாய், தம்பி," என்றார் யாகோப்பு. "இனி மெதுவாத் தண்ணியிலை விடு."

"உந்த மனிசனுக்கு விசரோ?" என்றாள் இராசாத்தி.

"விடுறதோ? மார்கிரட் புளி கரைச்சு வைச்சுக்கொண்டு இருக்கிறாள்," என்றான் லியோன். பின், கொள்ளைப் பொருளைப் படைத்தலைவர்க்குப் பகிரும் மன்னனென விரல் மடக்கினான்: "தலை, சொதிக்கு. நடுத்துண்டு ஹமீத் வீட்டை போகும், ஸபூராவும் பிள்ளையளும் நோன்பு திறக்க. வால்பக்கம் பக்கத்து வீட்டுக்கு. மிச்சம் எங்களுக்கு. உங்கடை யெட்டாவை ஆர் திண்டது?"

வென்றவன் சிரித்தான். திரையில் தமையன் சிரிக்கவில்லை, மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொதிக்கு மாங்காய் போடுவாளோ?" என்று மட்டும் கேட்டார்.

"போடுவாள்."

புலவனுக்கு நேரகாலம் தெரியாது. ஆண்டாண்டாய்க் கேட்ட அதே கேள்வியை நான் அப்போதும் கேட்டேன்: ஏன் அண்ணை நீங்கள் மட்டும் விடுறியள்? குளத்து நீதி, அந்நாட்டு முறை, மீன்குலத்தின்மேல் கொண்ட பேரருள் என ஏதேனும் ஒரு பெருமொழி வரும் என்று காத்திருந்தேன். யாகோப்பு கழுத்தைத் திருப்பித் தன் குசினி அடுப்பை ஒருமுறை பார்த்தார்.

"சமைச்சாலும் இருந்து சாப்பிட இஞ்சை ஆக்கள் இல்லை, தம்பி, அதுதான் விடுறன்."