தெருமுனைக் கடையில் வாங்கிய ஃபாரின் டிஸ்க்

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகம். தாங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்பதிலும், கண்ணாடிக் கடையில் வியாபாரம் குறைவில்லாமல் நடக்கும் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை; யாருக்கும் வயதாக ஆகப் பார்வை கூடிக்கொண்டு போவதாக நான் கேள்விப்பட்டதில்லை. தங்கள் தங்கை சுகமா என்பதை மட்டும் தனியாக எழுதவும். போனில் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்கிறாள். அந்தத் "தான்" எனக்குப் பிடிபடவில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நீங்கள் போனை எடுத்தவுடன் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள் மச்சான். போன தடவை, உங்கள் கடைச் சுவரில் உள்ள எழுத்துகளை வாசித்துக்கொண்டிருந்த யாரோ ஒருவர் பாதியில் நிறுத்திவிட்டு, "மாப்பிள்ளைக்கு இருமல் போயிடுச்சா" என்று விசாரித்தது இங்கே எனக்கே கேட்டது. இது அப்படி நாலு பேர் காதில் விழ வேண்டிய சங்கதி இல்லை. முக்கியமாக, உங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கும் தங்கள் தங்கை காதில் விழ வேண்டிய சங்கதி இல்லை.

சங்கதி டிஸ்க்கைப் பற்றியது. எங்கள் ஸ்டுடியோ கம்ப்யூட்டருக்குள் கன்ட்ரோலர் என்று ஒரு கார்டு இருக்கிறது. எந்த டிஸ்க்கில் எதை எழுதுவது, எப்படி எழுதுவது என்று டிஸ்க்குகளைக் கட்டி மேய்ப்பது அதன் வேலை. தங்கள் தங்கை இங்கே இருந்தவரை நான் அதன் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. கல்யாண வீட்டில் நான் ஒரு கேமரா பிடிப்பேன், அவள் இன்னொன்று பிடிப்பாள். திரும்பி வந்ததும் நான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாய்ந்துவிடுவேன். அவள் எடுத்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுத்தான் தண்ணீரே குடிப்பாள். இரண்டு டிஸ்க்கை மிரர் என்ற முறையில் கட்டி வைத்திருந்தாள். மிரர் என்றால் கண்ணாடிக்கடைக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே எழுதுவதை அப்படியே அங்கேயும் எழுதும். ஒன்று படுத்தால் மற்றது நிற்கும். அந்தக் கார்டின் மேல் அவளுக்கிருந்த பைத்தியம்தான், உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஓர் அறை நிறைய டிஸ்க்குகளைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்த வேலையாக அவளை அங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. வழியனுப்பும்போது "தனியா சமாளிச்சுப்பீங்களா" என்று கேட்டாள். "நான் என்ன சின்னப் பிள்ளையா" என்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் நான் இத்தனை பாடும் படுகிறேன்.

அவள் போன சில வாரங்களில் இடம் நிரம்பிவிட்டது. கம்ப்யூட்டரில் சொல்கிறேன், வீட்டில் இடம் தாராளமாகவே இருக்கிறது, நடந்தால் எதிரொலிக்கிறது. அவளிடம் கேட்டிருந்தால் போனிலேயே வழி சொல்லியிருப்பாள். ஆனால் அதற்கு முந்தைய நாள்தான் "எல்லாம் ஜோரா ஓடுது" என்று பீற்றியிருந்தேன். ஆகவே தெருமுனைக் கம்ப்யூட்டர் கடையில் நாலு டிஸ்க் வாங்கி வந்தேன். எங்கள் எடிட்டரை உங்களுக்குத் தெரியும், காதில் ஹெட்போனோடு பிறந்தவர் மாதிரி இருப்பாரே, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கன்ட்ரோலரின் திரையைத் திறந்தேன். மிரரா, ஸ்ட்ரைப்பா என்று கேட்டது. ஸ்ட்ரைப் என்றால் எனக்குக் கோடு போட்ட சட்டைதான் தெரியும். ஒருநாள் சாப்பிடும்போது அவள் எனக்கு விளக்கியிருக்கிறாள்: எழுத வேண்டியதைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒரு துண்டாக வரிசையாக எழுதிக்கொண்டே போகும், அதனால் வேகம் அதிகம் என்று. அதற்குப் பிறகும் ஏதோ சொன்னாள். நான் ரசத்தில் கவனமாக இருந்துவிட்டேன்.

மிரர் என்றால் மொத்த இடத்தில் பாதிதான் கிடைக்கும், ஸ்ட்ரைப் என்றால் முழுசும் கிடைக்கும் என்று திரை காட்டியது. "ஒரே விஷயத்தை எதுக்குய்யா ரெண்டு தடவை எழுதணும்" என்றேன். எடிட்டர் ஒரு காதை மட்டும் திறந்து, "அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமே சார்" என்றார். தங்கள் தங்கையைத்தான் அவர் அக்கா என்பார். மனிதர் வாரத்துக்கு ஒருமுறை வாயைத் திறந்தாலும் என் மானத்தை வாங்குகிற மாதிரிதான் திறப்பார். கடைக்காரரிடம் ஒரு பெரிய டிஸ்க்கை இரவல் வாங்கி, இருந்ததையெல்லாம் அதில் இறக்கி, அவள் கட்டிவைத்திருந்த இரண்டையும் பிரித்து, புதிய நாலோடு சேர்த்து ஆறையும் ஸ்ட்ரைப்பில் போட்டு, எல்லாவற்றையும் திரும்ப ஏற்றி, இரவல் டிஸ்க்கைத் துடைத்துக் கொடுத்துவிட்டேன். மச்சான், அந்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கேட்ட வீடியோ கேட்ட மாத்திரத்தில் வந்து நின்றது. அன்று எனக்கு அவளிடம் சொல்லிக்காட்ட வேண்டும் போலிருந்தது, போன் செய்தேன். அவள் ஆஸ்பத்திரி மெஷின் அறைக்குள் இருந்தாள். காற்றாடிகளின் இரைச்சலுக்கு நடுவில் "சொல்லுங்க, சொல்லுங்க" என்றாள். "ஒண்ணுமில்லை, சும்மாதான்" என்று வைத்துவிட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். போன வாரம் எனக்குச் சுத்தம் செய்யும் புத்தி வந்தது. அவள் இருந்தால் மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் அந்தப் பெட்டிக்குள் தூசி தட்டுவாள். நானும் பெட்டியைத் திறந்து, ஆறு டிஸ்க்கையும் வெளியே உருவி, குழந்தைகளைக் குளிப்பாட்டுவது போலத் துடைத்து, திரும்பச் செருகினேன். அதில் ஒன்று முழுதாக உள்ளே போகவில்லை போலிருக்கிறது. ஸ்விட்சைப் போட்டதும் கார்டு கத்த ஆரம்பித்தது. மூச்சுவிடாமல் ஒரே குரலில் கத்துகிறது. பக்கத்துக் கடைத் தையல்காரர் டேப்பைக் கழுத்தில் போட்டபடியே ஓடி வந்து, "யாருக்கு என்னாச்சு" என்கிறார். எதிர் மாடியில் ஜன்னல்கள் திறக்கின்றன. எங்கள் எடிட்டர் மட்டும் ஹெட்போனில் யாருடைய வரவேற்புப் பாட்டையோ கேட்டுக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருக்கிறார். நான் ஸ்விட்சை அணைத்துவிட்டு, டிஸ்க்கை அழுத்தமாகச் செருகி, மறுபடி போட்டேன். கத்தல் நின்றுவிட்டது. ஆனால் ஒரு வீடியோவும் இல்லை. திரையில் ஒரு வாசகம்தான் நின்றது: "ஃபாரின்" டிஸ்க் ஒன்று வந்திருக்கிறது, அதைச் சேர்த்துக்கொள்ளவா, துடைத்துவிடவா என்று.

ஃபாரினாம். நம் தெருமுனைக் கடையில், என் கையால் பையில் போட்டு எடுத்துவந்த டிஸ்க். கொஞ்ச நேரம் வெளியே இருந்துவிட்டு வந்தால் வேற்றாள் ஆகிவிடுமா மச்சான்? அதன் இடம் காலியாகத்தானே இருந்தது.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "துடைச்சிட்டு புதுசா கட்டிடலாம் சார், டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது" என்றார். எடிட்டரும் ஹெட்போனை முழுசாகக் கழற்றிவிட்டு, "கல்யாண வீடியோ எல்லாம் அவங்கவங்ககிட்ட குடுத்தாச்சு சார். இதுல போனா என்ன போகும்?" என்றார்.

என்ன போகும் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களிடம் எழுதுகிறேன். கல்யாண வீடியோவில் கேமரா பிடிப்பவர் குரல் வரக்கூடாது. வந்தால் அந்த இடத்தை வெட்டிக் குப்பையில் போடுவோம். தங்கள் தங்கைக்குக் கேமராவும் கையுமாக இருந்தால் வாய் சும்மா இருக்காது. "தாத்தா, எடுக்கும்போது மட்டும் கண்ணை மூடுறீங்களே." "பொண்ணோட சித்தி, அந்தப் பையை யாரும் தூக்கிட்டுப் போகமாட்டாங்க, கீழ வைங்க." "மாப்பிள்ளை, பசிக்குதா? இன்னும் ஒரே ஒரு ஷாட்." இப்படி ஒவ்வொரு கல்யாணத்திலும். அவள் போன பிறகு, கேமராவில் எடுத்தபடியே கிடந்த பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாகத் திறந்து, அவள் பேசிய இடங்களை வெட்டியெடுத்து, "கழிவு" என்று பெயர் போட்ட ஃபோல்டரில் சேர்த்து வைத்திருந்தேன். அந்தப் பெயரைப் பார்த்தால் யாரும் திறக்கமாட்டார்கள் அல்லவா. அவளுடைய படம் எங்களிடம் அவ்வளவாக இல்லை மச்சான். ஊரில் நடந்த அத்தனை கல்யாணத்திலும் இருந்தாள், ஒரு கல்யாணத்திலும் தெரியமாட்டாள். காலையில் ஸ்டுடியோவைத் திறந்ததும் அந்த ஃபோல்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். டீ ஆறிப்போகும். பரவாயில்லை.

இந்த நிலையில் அவளுக்கே போன் செய்து, வேறு யாருக்கோ நடந்தது போல, "பொதுவா ஒரு சந்தேகம் கேக்கறேன், ஒரு டிஸ்க் வெளிய போயிட்டு வந்தா அதை ஃபாரின்னு சொல்லுமா" என்றேன். 

"ஸ்ட்ரைப் போட்டீங்களா?"

"பொதுவாத்தான் கேக்கறேன்."

"அன்னைக்குச் சாப்பிடும்போதே சொன்னேன். ஸ்ட்ரைப்ல ஒண்ணு போனா மொத்தமும் போச்சுன்னு. ரசம் ஊத்தட்டுமான்னு கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னீங்க."

"இப்ப என்ன பண்றது?"

"எதையும் அழுத்தாதீங்க. கையை எடுங்க முதல்ல. அதுல என்ன அப்படி இருக்கு?"

"வேலை சம்பந்தமா சிலது" என்றேன். யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அப்புறம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள். பிறகு நான் போனை எடுக்கவில்லை. எடுத்தால் என்ன இருக்கிறது என்று மறுபடி கேட்பாள். அதையாவது சமாளிக்கலாம். இன்னொன்றையும் கேட்பாள். அங்கேயே நிரந்தரமாகச் சேரச் சொல்லி ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறார்களாம், அது உங்களுக்கும் தெரிந்திருக்கும். "என்ன பதில் சொல்லட்டும்" என்று என்னைக் கேட்டிருந்தாள். "உன் இஷ்டம்" என்றேன். அவளுக்கு அந்த வேலை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். மெஷின் அறையைப் பற்றிப் பேசும்போது அவள் குரலே வேறாக இருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசில்லை, சரி என்று சொல்ல வாயில்லை.

அன்றிலிருந்து கம்ப்யூட்டர் அதே கேள்வியைக் கேட்டபடி நிற்கிறது. சேர்த்துக்கொள் என்பதை அழுத்தப் போய் விரல் நடுங்கித் துடைத்துவிடு என்பதில் பட்டுவிட்டால்? எடிட்டர் பழைய லேப்டாப்பில் வேலை பார்க்கிறார். நான் திரைக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக் காவல் இருக்கிறேன். தையல்காரர் போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்து, "இன்னும் கண் முழிக்கலையா" என்று ஆஸ்பத்திரியில் கேட்பது போலக் கேட்கிறார்.

ஆகவே மச்சான், நான் தங்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். தங்கள் தங்கையை லீவு போடச் சொல்லி ஒரு இரண்டு நாள் இங்கே அனுப்பிவைக்க வேண்டும். டிஸ்க்குக்காக என்று சொல்ல வேண்டாம். எனக்கு உடம்பு சரியில்லை என்றும் சொல்ல வேண்டாம், பதறிவிடுவாள். அண்ணன் என்ற முறையில் தாங்களாகவே ஏதாவது தோதான காரணம் கண்டுபிடிக்கவும். இரண்டு நாள் நாலு நாள் ஆனாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. வந்தால் அந்தப் பொத்தானை அவள் கையாலேயே அழுத்திவிட்டுப் போகட்டும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் படித்து முன்னுக்கு வர என் ஆசிகள்; கெட்டாலும் வீட்டிலேயே கடை இருக்கிறது. தங்கள் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை

பி.கு.: நான் வெளியே போய்க் கவர் வாங்கி வந்து, கடிதத்தை அதில் போட்டு ஒட்டுவதற்குள் எடிட்டர் வந்து, "சார், அழுத்திட்டேன்" என்றார். எனக்கு உயிர் போய்விட்டது. "யாரைக் கேட்டு அழுத்தினே?" என்றேன். "அக்கா லேண்ட்லைன்ல கூப்பிட்டாங்க. ஆறு டிஸ்க்கும் ஒழுங்கா உக்காந்திருக்கான்னு பாக்கச் சொல்லிட்டு, சேர்த்துக்கறதை அழுத்தச் சொன்னாங்க. சாருக்கு விரல் நடுங்கும், நீங்க அழுத்துங்கன்னாங்க" என்றார். எல்லாம் திரும்ப வந்துவிட்டது மச்சான், ஒரு துண்டுகூடக் குறையவில்லை. எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு மறுபடி மிரராகக் கட்டச் சொல்லி உத்தரவாம். வீடியோக்கள் வந்ததும் சோதனைக்காக எடிட்டர் கையில் அகப்பட்ட ஃபோல்டரைத் திறந்தார். அது "கழிவு." நான் தடுப்பதற்குள் அவள் குரல் ஸ்டுடியோ முழுக்கக் கேட்டது. யார் கல்யாணமோ தெரியவில்லை. அது விருந்தாளியிடம் பேசியதும் இல்லை, என்னிடம் பேசியது. "அங்கேயே ஏன் நிக்கறீங்க? இந்தப் பக்கம் வாங்க, வெளிச்சம் இங்கதானே இருக்கு." எடிட்டர் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அவளை அனுப்ப வேண்டாம். அந்த வேலைக்குச் சரியென்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊரிலும் கல்யாணம் நடக்கும்தானே. நான் கேமராவை எடுத்துக்கொண்டு அங்கே வருகிறேன். மாடி அறையில் இருப்பது ஒற்றைக் கட்டில் என்று சொன்னாள். பக்கத்தில் ஒரு பாய் விரிக்க இடம் இருக்குமா என்று மட்டும் பார்த்து எழுதவும்.