இரண்டு பைனாகுலரும் ஒரு கிழக்கிடாவும்

அன்புள்ள மைத்துனர் எகோனுக்கு,

உன் அக்கா புருஷன் செவரின் எழுதிக்கொண்டது. இன்ஸ்ப்ரூக்கில் உன் பைனாகுலர் கடை செழிக்க வேண்டும், உன் முட்டிவலி தீர வேண்டும் என்று இந்த மலையிலிருந்து பிரார்த்திக்கிறேன். இங்கே நானும் உன் அக்கா வால்புர்காவும் கழுத்துவலி தவிர மற்றபடி சுகம். கழுத்துவலிக்குக் காரணம் நீ.

போன மாதம் வந்து, "அத்தான், ரெண்டையும் வெச்சுப் பாருங்க, பிடிச்சத வெச்சுக்கிட்டு மத்ததத் திருப்பிக் குடுங்க" என்று பச்சை ஒன்று, கறுப்பு ஒன்று என இரண்டு உயர்ந்த ரகப் பைனாகுலர்களைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனாய். நானும் வாங்கி வைத்துக்கொண்டேன், ஏனென்றால் என் நிலைமை உனக்குத் தெரியும். போன வருடம் நானும் பக்கத்து வீட்டு வின்சென்ஸும் ஒன்பது வயதுக் கிடா என்று நம்பிச் சுட்ட மலையாட்டுக்கு நாலு வயதுதான் என்று தெரிந்து, வசந்தகாலக் கொம்புக் கண்காட்சியில் இளசைச் சுட்ட குற்றத்துக்கு அடையாளமாக அதன் மண்டையோட்டில் சிவப்புப் பொட்டு ஒட்டிச் சுவரில் மாட்டினார்கள். ஊரே பியர்க் கோப்பையோடு வந்து நின்று பார்த்தது. குற்றம் என்னுடையதல்ல, என் பழைய பைனாகுலருடையது. அதில் பாதிரியாரைப் பார்த்தாலும் மலையாடு மாதிரிதான் தெரிவார். ஆனால் வேட்டைச் சங்கத் தலைவி ரோசினா இதையெல்லாம் காதில் வாங்குகிறவளா? "இன்னொரு செவப்புப் பொட்டு விழட்டும், அப்புறம் ரெண்டு பேரும் அஞ்சு வருஷத்துக்குக் காளான் பொறுக்கத்தான் போகணும்" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். இந்த வருடம் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு கிழட்டுக் கிடாவுக்கு அனுமதி. பெட்டைக்கும் கொம்பு முளைக்கிற பிராணி இது. சுடுவது பெரிதில்லை, பார்த்துச் சொல்வதில்தான் மானம் இருக்கிறது.

ஆகவே பார்க்கத் தொடங்கினோம். பச்சையில் பனி மஞ்சளாகத் தெரிகிறது என்றான் வின்சென்ஸ். கறுப்பில் ஓரம் மங்குகிறது என்றேன் நான். நான் ஓரத்தைப் பார்ப்பதால்தான் நடுவில் நிற்கும் ஆட்டைக் கோட்டைவிடுகிறேன் என்றான் அவன். இரண்டு நாள் பேசவில்லை. பிறகு மதுக்கடைக்கு எடுத்துப்போய் நாலு பேரிடம் கேட்கலாம் என்று போனோம், அந்த நாலு பேரும் நாற்பது பேராகி ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து, இப்போது பச்சைக் கட்சிக்காரர்கள் கறுப்புக் கட்சியோடு சீட்டாடுவதில்லை. இது போதாதென்று உன் அக்கா ஒருநாள் கறுப்பை எடுத்துப் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் திருப்பி, என் தங்கை வீட்டுக் கொடியில் தன் காணாமல் போன மேசைவிரிப்பு காய்வதைக் கண்டுபிடித்துவிட்டாள். இந்தக் கிறிஸ்துமஸுக்கு என் தங்கை வரமாட்டாள். உன் கறுப்பு அவ்வளவு துல்லியம்.

வியாழக்கிழமை நடந்ததைக் கேள். எங்கள் சமையலறைச் சன்னலுக்கு எதிரே இருக்கும் பாறைச்சரிவுக்கு நானும் வின்சென்ஸும் இரண்டு பைனாகுலர், இரண்டு முக்காலி, ரொட்டி, உப்புப் பன்றிக்கறி எல்லாம் சுமந்துகொண்டு ஏறினோம். வெயில் இறங்கும் நேரம். பாறை விளிம்பில் தன்னந்தனியாக ஒரு மலையாடு வந்து நின்றது!

"பன்னெண்டு வயசுடா! கொம்பு வளையத்த எண்ணிப் பாரு!" என்றேன் நான்.

"பச்சையில பன்னெண்டு. கறுப்ப இப்படிக் குடு... டேய், இதுல பதிமூணு!"

"கிடாதானா? வயித்துக்குக் கீழ முடி தெரியுதா?"

"ஒவ்வொரு முடியா தெரியுது. கிடாவேதான், எங்கம்மா மேல சத்தியம்."

"எதுல நல்லா தெரியுது, அதச் சொல்லு."

"கறுப்புலதான்னு ஒரு மாசமா சொல்றேன், ஒத்துக்கிறியா நீ?"

வாங்கி, கொடுத்து, வாங்கி, இரண்டு வாரும் எங்கள் இரண்டு கழுத்திலும் பின்னிக்கொண்டு நாங்கள் கன்னத்தோடு கன்னம் ஒட்டி நிற்கிறோம், அந்த ஆடு எங்களையே வேடிக்கை பார்க்கிறது. வின்சென்ஸ் வெற்றிக்குத் தொப்பியில் செருகும் ஊசியிலைக் கொப்பைக்கூட ஒடித்துவிட்டான். "ம், சுடு" என்றான். "நீ சுடு, துப்பாக்கி உன்கிட்டதானே" என்றேன். "என்கிட்டயா?" என்றான். ஆடு திரும்பி, அவசரமே இல்லாமல் நடந்து போயிற்று.

வீட்டுக்கு வந்து, "துப்பாக்கி எங்கேன்னு வாசல்லயே ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?" என்று உன் அக்காவைக் கேட்டேன். "பாக்கத்தான் போறீங்கன்னு நெனச்சேன். ஒரு மாசமா வேற என்னத்தச் செஞ்சீங்க?" என்றாள். சத்தம் முற்றி, அன்று எனக்குச் சூப்பும் இல்லை, கொழுக்கட்டையும் இல்லை. வின்சென்ஸ் நாளைக் காலை துப்பாக்கியை மட்டும் தூக்கிக்கொண்டு தனியாகப் போகிறானாம். "உன் மச்சினனோட பைனாகுலர அவன் தலையிலயே போடு" என்று சொல்லச் சொன்னான், சொல்லிவிட்டேன்.

ஞாயிறு வந்து இரண்டையும் எடுத்துப் போ. இனி என் வாசலுக்கு மூக்குக்கண்ணாடி கூடக் கொண்டுவராதே. வாழ்நாளில் கிடைக்காத கிடாவை உன் வியாபாரத்தால் இழந்தேன்.

உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உன் அக்காவும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள், கோபமாகத்தான் சொன்னாள்.

இப்படிக்கு,
செவரின்

பி.கு.: காலையில் இதை ஒட்டுவதற்கு முன், இரண்டையும் பெட்டியில் வைக்கிறேனே என்று கறுப்பைக் கடைசியாக ஒருமுறை சன்னலில் வைத்துப் பார்த்தேன். அதே ஆடு, அதே பாறை. பின்னாலிருந்து ஒரு குட்டி வந்து முட்டி முட்டிப் பால் குடித்தது. நம்பாமல் பச்சையில் பார்த்தேன். அதிலும் குடித்தது. எகோன், நாங்கள் பன்னிரண்டா பதிமூன்றா என்று எண்ணிய கிடா இதுதான். சற்றுக் கீழே வின்சென்ஸ் துப்பாக்கியோடு படுத்திருந்தான். சன்னலைத் திறந்து கத்தினேன், அவ்வளவு தூரம் எங்கே கேட்கும்? அவன் வெகுநேரம் குறி பார்த்தான். பிறகு மெல்லத் துப்பாக்கியைத் தாழ்த்தி, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தான். எனக்கு உயிர் வந்தது. சமையலறையிலேயே உன் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று கேட்டாள், சூப்பு இருக்கிறதா என்று கேட்டேன். மேலே எழுதியதை மற, ஞாயிறு வந்தால் சாப்பிட வா, இரண்டும் இங்கேயே இருக்கட்டும். வின்சென்ஸ் இப்போதுதான் இறங்கி வந்து எதிரில் உட்கார்ந்திருக்கிறான். "அந்தக் கிடா கண்ணுலயே படலடா" என்கிறான். "மலையில மூடுபனியா இருந்திருக்கும்" என்றேன். வெயில் கண்ணைக் கூசுகிறது.