கோப்பாயில் எல்லாம் ‘நோர்மல்’

இங்கிலீசை உலகுக்குத் தந்தது இங்கிலாந்தாக இருக்கலாம். ஆனால் அதிலுள்ள ‘நோர்மல்’ என்ற சொல்லுக்குப் பூரணமான பொருளைத் தந்தது எங்கள் ஊரான கோப்பாய்தான். கிராம நலன்புரிச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் இதைப் பொறுப்புடன் அறிவிக்கிறேன்.

முன்பெல்லாம் அச்சொல்லைப் பாவித்தவர்கள் டொக்டர்மார் மட்டுமே. காய்ச்சல் விட்டால் நோர்மல். கத்தி வைக்காமல் பிள்ளை பிறந்தால் நோர்மல். தொண்ணூறாம் ஆண்டில் சண்டை மறுபடி தொடங்கியதும் சொல் விசாலமடைந்தது. கரண்ட் இல்லை, நோர்மல். ஹெலி சுட்டது, ஆனால் அடுத்த ஊரில், ஆகவே நோர்மல். குண்டுக்குப் பயந்து பங்கர் குழிக்குள் குந்தியிருப்பவரிடம் "எப்பிடி இருக்கிறியள்?" என்று கேட்டாலும் "நோர்மல்" என்றே பதில் வரும். ஆகா, என்ன கம்பீரம்!

அப்போதுதான் நிவாரண நிறுவனம் ஒன்றின் வெள்ளைக்காரர் எங்கள் தேவைகளை அறிய வருவதாகத் தகவல் கிடைத்தது. பலாலிப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த சிவக்கொழுந்து என்னிடம் ஓடிவந்தாள். கைக்குழந்தைக்காரி.

"பால்மா முடிஞ்சுது அண்ணை. என்னட்டையும் பால் இல்லை. அவரிட்டைக் கட்டாயம் சொல்லுங்கோ."

விடயத்தை உரிய முறையில் கூட்டத்தில் சமர்ப்பித்தேன். தலைவர் அருளம்பலம் கொதித்துப்போனார்.

"உதென்ன கதை? வாற மனுசன் எங்களைப் பிச்சைக்காரர் எண்டெல்லே நினைப்பான்!"

"ஓமோம்," என்றார் ஜெபநேசன் மாஸ்ரர். மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பித்து இளைப்பாறியவர். எங்கள் ஏகமனதான மொழிபெயர்ப்பாளர். "முதலிலை மனுசனுக்கு நல்ல தேத்தண்ணி குடுப்பம்."

பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்த ஊரில், வீட்டுக்கு ஒரு கரண்டி சீனி சேர்ப்பதென்று தீர்மானம் நிறைவேறியது. பீங்கான் கோப்பை மாஸ்ரரின் மனைவி ஐரிஸின் சீதனம்.

வெள்ளைக்காரர் வந்தார், குடித்தார், மெச்சினார். என்ன தேவை என்று இங்கிலீசில் விசாரித்தார். நாங்கள் வாய் திறக்குமுன் சிவக்கொழுந்து பிள்ளையோடு முன்னால் வந்துவிட்டாள்.

"ஐயா, பிள்ளைக்குப் பால்மா இல்லை. வெறும் கஞ்சித்தண்ணிதான் பருக்கிறன்."

என்ன சொல்கிறாள் என்று வெள்ளைக்காரர் மாஸ்ரரைப் பார்த்தார். மாஸ்ரர் தலைவரைப் பார்த்தார். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"நோர்மல், சேர். எவ்ரிதிங் நோர்மல்," என்றார் மாஸ்ரர். அப்பப்பா, என்ன உச்சரிப்பு!

பிள்ளை வீரிட்டது. அதுவும் நோர்மல் என்று மாஸ்ரர் விளக்கமளித்தார். வெள்ளைக்காரர் மனநிறைவுடன் கைகுலுக்கி விடைபெற்றார். பால்மாப் பெட்டிகள் ஏற்றிய அவருடைய வாகனம் ஒரு பெட்டியும் இறக்காமல் வேறூரான நெல்லியடிப் பக்கம் திரும்பியது.

உடனடியாகப் பாராட்டுக் கூட்டம். மாஸ்ரரின் கழுத்தில் மாலை விழுந்தது.

"ஊரின்ரை மானத்தைக் காப்பாத்திப் போட்டியள்!" என்று தலைவர் தழுதழுத்தார். எல்லோரும் கை தட்டினோம்.

சிவக்கொழுந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பிள்ளையின் காலியான சூப்பிப் போத்தலை மாஸ்ரரின் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

"பிள்ளைக்குப் பசிக்குது, மாஸ்ரர். காப்பாத்தின மானத்தை இதுக்குள்ளை கரைச்சுத் தாங்கோ."